கண்ணாடி துடைக்கும் தொழிலுக்கு வாட்டர் ஃபெட் போல் வாங்குவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஷோரூம், மருத்துவமனை, பள்ளிக்கூடம் என்று கண்ணாடி துடைக்கும் ஒப்பந்தம் எடுப்பவர்களும், புதிதாக இந்தத் தொழிலுக்கு வருபவர்களும் எங்களிடம் கேட்பவற்றுக்கான பதில்கள் இவை. நாங்கள் வேலை செய்வது சென்னைப் புறநகரில். அதனால் போர் தண்ணீர், வெயில், ஜன்னல் கிரில் எல்லாம் இதில் வரும்.

வாட்டர் ஃபெட் போல் என்றால் என்ன? சோப்பு இல்லாமல் எப்படிச் சுத்தமாகும்?

ஒட்டடைக் கம்பு மாதிரி இழுத்து நீட்டக்கூடிய ஒரு கம்பு. அதன் நுனியில் பிரஷ், உள்ளே ஒரு மெல்லிய குழாய். உப்பே இல்லாத தண்ணீர் அந்தக் குழாய் வழியாக மேலே ஏறி, பிரஷ்ஷில் உள்ள ஜெட்களில் பீய்ச்சும். தேய்த்து, அலசி, அப்படியே விட்டுவிட வேண்டியதுதான். துணி, வைப்பர் எதுவும் வேண்டாம். சாதாரணத் தண்ணீர் காய்ந்தால் வெள்ளைப் புள்ளி விழுவதற்குக் காரணம் அதில் கரைந்திருக்கும் உப்பு. உப்பை எடுத்துவிட்டால் புள்ளிக்கு இடமில்லை.

அமெரிக்காவில் 1950-களிலிருந்தே இந்த முறை இருக்கிறது. தொழிலாக வேரூன்றியது பிரிட்டனில்தான். உயரத்தில் செய்யும் வேலைகளுக்கான விதிமுறைகள் அங்கே 2005-இல் வந்தன. தரையில் நின்றே முடிக்கக்கூடிய வேலைக்கு ஏணி ஏறாதே என்பதுதான் அவற்றின் சாரம். அதன்பின் அங்கே ஏணியை ஓரம் கட்டியவர்கள் ஏராளம்.

முதலில் எதை வாங்குவது? எத்தனை அடிக் கம்பு?

கம்பைப் பற்றி அப்புறம் பேசலாம். முதலில் ஒரு டி.டி.எஸ். மீட்டர், அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவைக் காட்டும் கருவி, வாங்குங்கள். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும், பேனா அளவுதான் இருக்கும். உங்கள் வீட்டுக் குழாயிலும், தண்ணீர் பிடிக்கப்போகும் இடத்திலும் வைத்துப் பாருங்கள். அந்த எண் தெரியாமல் இந்தத் தொழிலில் எதையும் தேர்ந்தெடுக்க முடியாது. வெளிநாட்டு வீடியோக்களில் காட்டும் கருவிகள் பெரும்பாலும் 300 பி.பி.எம். (லிட்டருக்கு 300 மில்லிகிராம் உப்பு) அல்லது அதற்கும் குறைந்த குழாய்த் தண்ணீரை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை. நம் ஊர் போர் தண்ணீர் சர்வசாதாரணமாக 1000-ஐத் தாண்டும். குடிநீருக்கே 500 வரை இருக்கலாம், வேறு வழியில்லாத இடத்தில் 2000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணயம்.

விலை உயர்ந்த கார்பன் கம்பை வாங்கிவிட்டுத் தண்ணீருக்குக் காசில்லாமல் நிற்பவர்களைப் பார்த்திருக்கிறோம். சுமாரான கம்பும் நல்ல தண்ணீரும் இருந்தால் பிழைத்துக்கொள்ளலாம். இதைத் தலைகீழாக்கினால் கண்ணாடி முழுக்கப் புள்ளிதான்.

டி.டி.எஸ். எவ்வளவு இருந்தால் புள்ளி விழாது? கேன் தண்ணீர் போதுமா?

சுழியம் வந்தால் நிம்மதி. 10-க்குக் கீழே என்றால் பெரும்பாலான கண்ணாடிகளில் எதுவும் தெரியாது. கடையில் விற்கும் 20 லிட்டர் கேன் தண்ணீர் அநேகமாக அதைவிட அதிகமாகத்தான் இருக்கும். வெள்ளைச் சுவரருகே தெரியாத கறை கறுப்புக் கண்ணாடியில் பளிச்சென்று தெரியும். மீட்டர் வைத்துப் பார்க்காமல் எந்தக் கேனையும் நம்ப வேண்டாம்.

ஒரு சின்ன விஷயம். சுழியமாகப் பிடித்த தண்ணீர் டேங்கில் ஓர் இரவு நின்றால் மறுநாள் 1, 2 என்று காட்டும். காற்றிலுள்ள கரியமில வாயு கரைவதால் அப்படி. அது உப்பு அல்ல, காய்ந்தால் போய்விடும். கவலை வேண்டாம்.

ஆர்.ஓ. வாங்குவதா, டி.ஐ. ரெசின் போதுமா?

ஆர்.ஓ. என்பது மெம்ப்ரேன் எனும் மெல்லிய சவ்வு வழியாகத் தண்ணீரை அழுத்தி உப்பைத் தடுப்பது. டி.ஐ. ரெசின் என்பது உப்பைத் தன்னிடம் பிடித்துக்கொள்ளும் சின்னச் சின்ன மணிகள், மிக்ஸட் பெட் என்பதும் இதைத்தான். இங்கேதான் நிறையப் பணம் வீணாகிறது, கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு லிட்டர் மிக்ஸட் பெட் ரெசின் தோராயமாக 20 முதல் 25 கிராம் உப்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். குறைவான கணக்கையே வைத்துக்கொள்வோம்: 25 லிட்டர் ரெசின் அரை கிலோ உப்பைப் பிடிக்கும். உங்கள் போர் தண்ணீர் 1200 பி.பி.எம். என்றால் லிட்டருக்கு 1.2 கிராம் உப்பு. 400 லிட்டர் ஓடியதும் ரெசின் முடிந்தது. ஒருவர் கம்பு பிடித்தால் நாளொன்றுக்கு 200 முதல் 350 லிட்டர் வரை செலவாகும். ஆக, இரண்டு நாளைக்கு மேல் அந்த 25 லிட்டர் ரெசின் தாங்காது. கட்டுபடியாகுமா?

அதே தண்ணீரை முதலில் ஆர்.ஓ. வழியாக விட்டால், நல்ல மெம்ப்ரேன் 95 சதவீதத்துக்கு மேல் உப்பைத் தடுத்துவிடும். 96 சதவீதம் என்று வைத்தால் 1200 என்பது 48 ஆகிவிடும். இப்போது அதே 25 லிட்டர் ரெசின் 10,000 லிட்டருக்கு மேல் வரும். எனவே போர் தண்ணீர்க்காரர்களுக்கு ஆர்.ஓ., அதன் பின்னால் டி.ஐ., இரண்டும் வேண்டும். கோவையில் சிறுவாணித் தண்ணீர் வரும் பகுதியில் இருப்பவர் அதிர்ஷ்டசாலி, ரெசின் மட்டும் வைத்தே தொழிலை ஆரம்பித்துவிடலாம். 100-க்குக் கீழே ரெசின் மட்டும், 200-க்கு மேலே இரண்டும். நடுவில் இருப்பவர்கள் தங்கள் செலவைக் கணக்குப் பார்த்து முடிவு செய்யலாம்.

ஆர்.ஓ. வாங்கும்போது மணிக்கு 250 லிட்டர் தரும் பிளான்ட் ஒன்று, ஒற்றை 4040 (4 அங்குல விட்டம், 40 அங்குல நீளம்) மெம்ப்ரேனுடன் கேளுங்கள். பள்ளிக்கூடம், ஹோட்டல்களுக்குப் போடும் அதே வகைதான். எல்லா ஊரிலும் ஆட்கள் போடுகிறார்கள், பழுது பார்க்கவும் ஆள் உண்டு. மெட்ரோ வாட்டர் பிடிப்பதாக இருந்தால் முன்னால் கார்பன் ஃபில்டர் கட்டாயம், குளோரின் மெம்ப்ரேனை அரித்துவிடும். கடினத்தன்மை அதிகமுள்ள போர் என்றால் மெம்ப்ரேனில் சுண்ணாம்பு படியாமலிருக்க ஆன்டி ஸ்கேலன்ட் மருந்தோ சாஃப்ட்னரோ முன்னால் வேண்டும்.

கடைக்காரர் "ரெசின்தானே, இதோ" என்று சாஃப்ட்னர் ரெசினைக் கொடுக்கிறார். அதுவே போதுமா?

போதவே போதாது. சாஃப்ட்னர் ரெசின் சுண்ணாம்பை எடுத்துக்கொண்டு அந்த இடத்தில் சோடியத்தை விடும். தண்ணீர் மென்மையாகும், சோப்பு நுரைக்கும், ஆனால் மீட்டரில் எண் இறங்காது. உங்களுக்கு வேண்டியது மிக்ஸட் பெட், உப்பை முழுதாக நீக்கும் டி.எம். பிளான்ட்டுகளுக்குப் போடுவது. ஆனால் ரெசினைப் போட்டுவைக்கும் உருளையான வெசலை மட்டும் சாஃப்ட்னர் கடையிலேயே வாங்கலாம். 8 அங்குல விட்டம், 35 அங்குல உயரமுள்ள எஃப்.ஆர்.பி. (ஃபைபர் நார் சேர்த்த பிளாஸ்டிக்) வெசல் ஏறக்குறைய 25 லிட்டர் ரெசின் கொள்ளும். வண்டியில் நிற்கவும் வசதி.

வீட்டு ஆர்.ஓ. மிஷின் இருக்கிறதே?

மணிக்குப் பத்துப் பன்னிரண்டு லிட்டர் தரும். அதைவிடப் பெரிய சிக்கல், பல வீட்டு மிஷின்களில் ருசிக்காகப் பச்சைத் தண்ணீரைக் கொஞ்சம் கலந்துவிடும் டி.டி.எஸ். கன்ட்ரோலர் இருக்கும், சிலவற்றில் மினரல் காட்ரிட்ஜ். அதனால் வெளியே வருவது 80, 100 என்று இருக்கும். ஒத்திகை பார்க்க வேண்டுமானால் பேட்டரிக்கு ஊற்ற விற்கும் டி.எம். வாட்டரை மொத்தமாக வாங்கி ஒரு கட்டடத்தில் அடித்துப் பாருங்கள்.

நம் ஊரில் இதற்கு வேலை இருக்கிறதா?

இருக்கிறது, ஆனால் வீடியோவில் காட்டும் இடத்தில் இல்லை. பிரிட்டனில் தெருத் தெருவாக வீட்டு ஜன்னல்கள்தான் தொழில். இங்கே வீட்டு ஜன்னலில் கிரில், அதற்கு மேல் கொசு வலை. ஸ்லைடிங் ஜன்னலுக்கு வெளியே கிரில் இருந்தால் பிரஷ் கண்ணாடியைத் தொடவே தொடாது. பழைய மர ஜன்னலில் புட்டி உதிர்ந்திருக்கும், தண்ணீர் உள்ளே இறங்கி மெத்தை நனைந்தால் அந்த வாடிக்கையாளர் போனார்.

இரண்டிலிருந்து நான்கு மாடி வரையுள்ள வணிகக் கட்டடம்தான் நம் களம். நகைக்கடை, ஜவுளிக்கடை, கார் ஷோரூம், மருத்துவமனை, வங்கிக் கிளை, கல்யாண மண்டபம். கண்ணாடியோடு ஏ.சி.பி. ஷீட் (அலுமினியப் பலகை) முகப்பும் சேர்த்து ஒரே வேலையாகப் பேசலாம். ஓ.எம்.ஆரில் நிற்கும் பத்துப் பதினைந்து மாடி ஐ.டி. கட்டடங்கள் கயிற்றில் தொங்குபவர்களுக்கும் மாடியிலிருந்து தொங்கவிடும் மேடையான கோண்டோலாவுக்கும் உரியவை. கம்பு வைத்து அங்கே போய்ப் பேசி நேரத்தை வீணாக்காதீர்கள். அதிகபட்சம் தரைத்தளமும் கீழ் இரண்டு மாடியும் கேட்கலாம், அங்கேதான் புழுதியும் அதிகம்.

இ.சி.ஆர். பக்கம் கடல் உப்பு படியும் கண்ணாடிகளுக்கு இந்த முறை நன்றாகவே பொருந்தும். உப்பு தண்ணீரில் கரைந்துவிடும், அழுத்தித் தேய்க்கக்கூட வேண்டாம்.

சரி, கம்பு எத்தனை அடி வேண்டும்?

வீடு என்றால் ஒரு மாடிக்குப் பத்துப் பதினொரு அடி, கடை என்றால் 12 முதல் 14 அடி. கம்பின் அடி உங்கள் இடுப்புக்கு மேல் இருக்கும், கம்பு சற்றுச் சாய்ந்து நிற்கும். ஒன்றைக் கூட்டி ஒன்றைக் கழித்தால் கம்பின் நீளத்தோடு இரண்டு மூன்று அடி கூடுதலாக எட்டும். தரைத்தளத்துக்கு மேல் இரண்டு மாடியுள்ள வீட்டின் உச்சி ஜன்னல் விளிம்பு 28, 29 அடியில் இருக்கும், 26 அடிக் கம்பு போதும். அதே இரண்டு மாடி ஷோரூமுக்கு 35 அடி.

ஒரே ஒரு 50 அடிக் கம்பை வாங்கி எல்லாவற்றுக்கும் பயன்படுத்த நினைக்காதீர்கள். கீழ்த்தளக் கண்ணாடி துடைக்கும்போதும் அதன் தடித்த அடிப்பாகத்தைச் சேர்த்தே தூக்க வேண்டியிருக்கும், மாலையில் தோள்பட்டை கேட்கும். கைக்கு அடக்கமாக 20 அல்லது 25 அடி ஒன்று, உயரத்துக்கு இன்னொன்று. முதல் வருடம் இந்த இரண்டே போதும்.

கிளாஸ் ஃபைபரா, கார்பனா?

15 அடி வரை கிளாஸ் ஃபைபர் பரவாயில்லை, விலையும் குறைவு. அதற்கு மேல் நீட்டினால் மூங்கில் ஆடுவதுபோல் ஆடும். நீங்கள் கீழே தள்ளி அரை நொடி கழித்துத்தான் மேலே பிரஷ் நகரும். 25 அடிக்கு மேல் கார்பன் வாங்கிவிடுங்கள். இரண்டும் கலந்த ஹைப்ரிட் வகை இடையில் நிற்கிறது, 20 அடிக்கு நல்ல சமரசம்.

எடையைத் தராசில் பார்த்து வாங்காதீர்கள். கடையில் முழுதாக நீட்டச் சொல்லி, நுனியில் ஈரமான பிரஷ்ஷை மாட்டி, சுவரில் சாத்தி இடவலமாகத் தேய்த்துப் பாருங்கள். அப்போதுதான் வித்தியாசம் தெரியும். கம்பின் பகுதிகளை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப்பைத் திருப்பிப் பாருங்கள்: ஒரு கையால் திறந்து மூட வருகிறதா, அதன் இறுக்கத்தைச் சரிசெய்யும் திருகு சாதாரண அளவா, கிளாம்ப் மட்டும் தனியாகக் கிடைக்குமா? ஜெர்மனியின் உங்கர், பிரிட்டனின் கார்டினர் போன்ற பெயர்களுக்குக் கூடுதல் பணம் கொடுப்பதில் நியாயம் இருக்கிறது என்றால் அது இந்த உதிரிபாகத்துக்காகத்தான். பெயரில்லாத கம்பில் கிளாம்ப் உடைந்தால் கதை முடிந்தது.

கிளாஸ் ஃபைபரில் மின்சாரம் பாயாது என்கிறார்களே, மின்கம்பி அருகே வேலை செய்யலாமா?

கூடாது. கார்பன் மின்சாரத்தைக் கடத்தும். கிளாஸ் ஃபைபர் காய்ந்திருக்கும்போது கடத்தாது, ஆனால் உள்ளே தண்ணீர்க் குழாய், வெளியே வழியும் அழுக்குத் தண்ணீர், நனைந்த கை. நம் தெருக்களில் பால்கனியை ஒட்டியே கம்பி போகிறது. மதிப்பீடு போடப் போகும் அன்றே அண்ணாந்து பாருங்கள். கம்பு சரிந்து விழுந்தாலும் கம்பியைத் தொடாத தூரம் இல்லையென்றால் அந்தப் பக்கத்தை விட்டுவிட்டு விலை சொல்லுங்கள், அல்லது கட்டட உரிமையாளர் இ.பி. ஆபீஸில் பேசி மின்சாரத்தை நிறுத்தித் தரட்டும். பணத்துக்காக வளைந்துகொடுக்க வேண்டிய இடம் இது இல்லை.

பிரஷ், ஜெட் எப்படிப் பார்ப்பது?

12 அங்குல அகலம், நைலான் முடி. முடியின் நுனி பிளந்து பஞ்சுபோல் இருப்பது வழக்கமாகத் துடைக்கும் கண்ணாடிக்கு. முதல் தடவை அழுக்குக்குச் சற்று விறைப்பான முடி. பன்றிமுடிப் பிரஷ் அழுக்கைப் பிரமாதமாக எடுக்கும், ஆனால் தண்ணீர் குடித்துக் கனக்கும்.

ஜெட் இரண்டு வகை. பென்சில் ஜெட் ஒரே தாரையாகப் பீய்ச்சும், ஃபேன் ஜெட் விசிறிபோல் விரிக்கும். கண்ணாடியில் தண்ணீர் விட்டால் திரையாக வழிகிறதா, முத்து முத்தாக உருள்கிறதா என்று பாருங்கள். வழிந்தால் பென்சில் போதும். உருண்டால் ஃபேன் ஜெட் வைத்தால்தான் அலசல் முழுமையாகும்.

பம்ப், டேங்க், வண்டி?

பத்து மீட்டர் உயரம் ஏற்ற ஒரு பார் அழுத்தம் போதும். ஆகவே பெரிய பம்ப் எதுவும் வேண்டியதில்லை. நிமிடத்துக்கு ஐந்து லிட்டர் தரும் 12 வோல்ட் டயஃப்ரம் பம்ப், வேகம் குறைக்க ஒரு கன்ட்ரோலர், ஒரு பேட்டரி. ஆரம்பத்தில் விவசாயிகள் முதுகில் மாட்டும் பேட்டரி ஸ்பிரேயர்கூட ஒப்பேறும். புதியதாக இருக்க வேண்டும், பூச்சிமருந்து அடித்ததைத் தொடவே கூடாது.

டேங்க் கறுப்பாக இருக்கட்டும். இந்தத் தண்ணீரில் குளோரின் இல்லை, வெளிச்சம் பட்டால் பாசி பிடித்து ஜெட் அடைக்கும். குட்டியானையில் 500 லிட்டர் வைத்தால் தண்ணீர் மட்டுமே அரை டன். டேங்க், ஆட்கள், கம்பு எல்லாம் சேர்த்தால் வண்டியின் சுமை வரம்பை நெருங்கிவிடும். பாதி நிரம்பிய டேங்க் வளைவில் தளும்பி வண்டியை இழுக்கும் என்பதால் சட்டத்தோடு சேர்த்து போல்ட் போட்டு இறுக்குங்கள். கயிறு கட்டினால் போதும் என்று டிரைவர் சொன்னால் கேட்காதீர்கள்.

வெயிலில் வேலை செய்யலாமா? சோலார் பேனலுக்கும் இதே கருவியா?

கண்ணாடி சுட்டால் அழுக்குத் தண்ணீர் அலசுவதற்குள் காய்ந்துவிடும். காலையில் மேற்குப் பக்கம், பிற்பகலில் கிழக்குப் பக்கம் என்று நிழலைத் தொடர்ந்து போங்கள்.

பேனலுக்கும் இதே கருவி பொருந்தும். 2024 பிப்ரவரியில் பி.எம். சூர்யா கர் திட்டம் வந்தபின் மொட்டை மாடிப் பேனல்கள் பெருகிவிட்டன, இது நல்ல உப வருமானம். விடியலில் அல்லது சாயங்காலம் மட்டும், ஏனென்றால் கொதிக்கும் பேனலில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் விரிசல் விடலாம். பேனல் மேல் கால் வைக்கவே கூடாது. மிருதுவான பிரஷ், 15 அடிக் கம்பு, வேறொன்றும் வேண்டாம்.

முதல் தடவை துடைத்தபின்பும் வெள்ளைத் திட்டு போகவில்லை, தண்ணீர் சரியில்லையா?

மீட்டர் சுழியம் காட்டினால் தண்ணீரைக் குறை சொல்லாதீர்கள். அது பழைய கறை. ஏ.சி. தண்ணீர், செடிக்கு ஊற்றியது, சிமென்ட் தெறிப்பு, பெயின்ட் துளி. இவற்றை எந்தக் கம்பும் எடுக்காது. சுரண்டலும் அமிலக் கிளீனரும் வேறு வேலை, வேறு கட்டணம். வேலைக்கு முன்பே போட்டோ எடுத்து வாடிக்கையாளருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். இன்னொன்று: மேல் விளிம்பை விட்டுவிட்டுக் கண்ணாடியை மட்டும் தேய்த்தால், விளிம்பில் தங்கிய தூசி காய்ந்ததும் கோடு கோடாக இறங்கும். பிரேமைத் தேய்த்து நன்றாக அலசியபின் கண்ணாடிக்கு வாருங்கள்.

ரெசின் முடிந்ததை எப்படித் தெரிந்துகொள்வது?

மீட்டர் 5-ஐத் தொட்டால் மாற்றத் தயாராகுங்கள். சில நேரம் மீட்டர் சுழியம் காட்டும்போதே லேசான புள்ளி விழும். அது சிலிக்கா. ரெசின் முடியும் தறுவாயில் முதலில் நழுவுவது அதுதான், மீட்டரும் அதைக் கண்டுகொள்ளாது. மீன் வாடை வந்தாலும் ரெசின் கெட்டது என்று அர்த்தம். வெசலை வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் விட்டுவிட்டால் இது சீக்கிரமே வரும்.

ஆர்.ஓ. கழிவுத் தண்ணீரை என்ன செய்வது?

இந்த அளவு பிளான்ட்டில் நல்ல தண்ணீருக்குச் சமமாகவோ கூடுதலாகவோ கழிவு வரும். 2019 ஜூனில் சென்னையின் ஏரிகள் வறண்டு லாரிக்காகத் தெரு நின்றதைப் பார்த்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, அதைச் சாக்கடையில் விட மனம் வராது. வண்டி கழுவ, கழிவறைக்கு, முதல் தடவை ஏ.சி.பி. ஷீட்டைத் தேய்த்து ஊறவைக்க அது ஆகும், கடைசி அலசல் மட்டும் சுத்தமான தண்ணீரில். செடிக்கு வேண்டாம், உப்பு ஏறிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் மாடியிலிருந்து பிடிக்கும் மழைத்தண்ணீர் இயல்பாகவே உப்பு குறைந்தது. வடிகட்டி நேராக ரெசினுக்கு விடலாம், ஆர்.ஓ.வே வேண்டாம்.

பழைய கம்பு விலைக்கு வருகிறது, வாங்கலாமா?

வாங்கலாம். ஒவ்வொரு பகுதியையும் முழுதாக வெளியே இழுத்து, உள்ளங்கையால் தட்டிக்கொண்டே வாருங்கள். மந்தமான சத்தம் வரும் இடத்தில் உள்ளே விரிசல் இருக்கும். பகுதிகள் உரசும் இடம் நரைத்து முள் முள்ளாக இருந்தால் மணல் தின்றிருக்கிறது. அதைக் கையுறை இல்லாமல் தடவாதீர்கள், கார்பன் நார் தோலில் ஏறினால் எடுப்பது பாடு. உள்குழாய் போயிருந்தால் அதைக் குறையாகச் சொல்லி விலையைக் குறையுங்கள். பாரிமுனையில் நியூமேட்டிக் (காற்றழுத்தக் கருவி) சாமான் விற்கும் கடையில் பி.யு. (பாலியூரிதேன்) டியூபும் புஷ் ஃபிட்டிங்கும் மீட்டர் கணக்கில் கிடைக்கும்.